கடிகாரம் 1901-க்குப் போனால்: டைம்_டி கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

லாக்கில் விபரீதமான தேதி ஒன்று கண்ணில் பட்டதும் பலரும் செய்கிற முதல் காரியம், நெட் வழியே சரியான நேரம் சொல்லும் என்டிபி சர்வரைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி பூட் செய்வது. செய்யாதீர்கள். அந்தத் தப்பான தேதியை நொடி வரைக்கும் அப்படியே ஒரு தாளில் எழுதி வையுங்கள். எண் எந்த இடத்தில் நிரம்பி வழிந்தது என்று காட்டிக்கொடுக்கப் போவது அதுதான்.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: யூனிக்ஸ் வழிவந்த சிஸ்டங்கள் நேரத்தை 1970 ஜனவரி 1 யுடிசி நள்ளிரவிலிருந்து கடந்த நொடிகளாக எண்ணுகின்றன. அந்த எண்ணை வைக்கும் வகைக்கு சி மொழியில் டைம்_டி என்று பெயர். அது 32 பிட் சைன்டு எண்ணாக (மைனஸையும் தாங்கும் எண்) இருந்தால் 2147483647 வரைதான் தாங்கும். இந்திய நேரத்தில் அது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8:44:07. அதற்கு அடுத்த நொடியில் எண் மைனஸ் 2147483648 ஆகிவிடும்.

"2038-க்கு இன்னும் நாள் இருக்கிறதே" என்பார்கள். நான் இதுவரை கையில் எடுத்த கோளாறுகளில் எதுவும் 2038 வருகிறவரை காத்திருக்கவில்லை. 20 வருடக் கடன், 25 வருடச் சான்றிதழ், "எப்போதும் காலாவதியாகாத" குக்கி என்று எதிர்காலத் தேதியைத் தொடுகிற எல்லாம் இன்றைக்கே விழுகின்றன. மீதி, அந்த வியாதிக்கு மருந்து கொடுக்கப் போய் வந்த பக்கவிளைவுகள்.

முதலில் தேதியின் நாடியைப் பிடியுங்கள்

1901 டிசம்பர் 13 அல்லது 14 என்று வந்தால் 32 பிட் சைன்டு எண் வழிந்து எதிர்ப்பக்கம் போய்விட்டது. வேறு சந்தேகமே வேண்டாம். இதை முதல்முறை பார்த்தபோது வருடத்தைவிட நிமிடம்தான் என்னைக் குழப்பியது. மைனஸ் 2147483648 என்பது யுடிசியில் டிசம்பர் 13, 20:45:52. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் 14-ஆம் தேதி அதிகாலை 2:15:52 வர வேண்டும். என் லேப்டாப்பின் டேட் கட்டளையோ 2:07:02 என்று சொல்லி, பக்கத்தில் எம்எம்டி என்று மூன்று எழுத்தையும் போட்டது. 8 நிமிடம் 50 நொடி எங்கே போனது? இன்னொரு பிழை என்று நினைத்து அரைமணி நேரம் தேடினேன். பிழையே இல்லை. 1906-க்கு முன்னால் ஐஎஸ்டி என்று ஒன்று கிடையாது. ஆசியா/கொல்கத்தா டைம்சோன் தரவு அந்தக் காலத்துக்கு மெட்ராஸ் நேரத்தை எடுத்துக்கொள்கிறது, யுடிசிக்கு 5 மணி 21 நிமிடம் 10 நொடி முன்னால். அன்றிலிருந்து லாக்கில் எம்எம்டி என்று பார்த்தாலே சைன்டு ஓவர்ஃப்ளோ (எண் வழிந்தது) என்று எழுதிவிடுகிறேன்.

1970 ஜனவரி 1 காலை 5:30:00 என்றால் எண் பூஜ்யம். இது ஓவர்ஃப்ளோ இல்லை. யாரோ மதிப்பே போடவில்லை, அல்லது போர்டில் உள்ள கடிகார பேட்டரி செத்துவிட்டது. ஆனால் ஒரு நொடி குறைந்து 5:29:59 என்று இருந்தால் கதையே வேறு. எண் மைனஸ் 1. ஏதோ ஒரு லைப்ரரி அழைப்பு "என்னால் முடியவில்லை" என்று திருப்பிய பிழைக்குறியை, நேரம் என்று நினைத்துச் சேமித்துவிட்டார்கள். இந்த ஒரு நொடி வித்தியாசத்தைக் கவனிக்காமல் பேட்டரி மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

2106 பிப்ரவரி 7, காலை 11:58:15 என்று வந்தால் அதே மைனஸ் 1, மைனஸே இல்லாத அன்சைன்டு 32 பிட் பெட்டிக்குள் போய் 4294967295 ஆகியிருக்கிறது. அச்சு அசலாக 2038 ஜனவரி 19 காலை 8:44:07 என்று வந்தால் எண் வழியவில்லை. எல்லையில் யாரோ பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஃபைல் சிஸ்டம். ஆண்டு கோடிக்கணக்கில் வந்தால் அது இரண்டு லைப்ரரிகளுக்கு இடையிலான அளவுச் சண்டை. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், இந்த மொத்தக் கட்டுரையும் அதற்காகத்தான்.

நாடி பிடித்தபின் இன்னொரு சோதனை. டைம்_டி எத்தனை பைட் என்று சைஸ்ஆஃப் போட்டு அச்சிடும் மூன்று வரி நிரலை அதே கருவியில், அதே பில்டு கொடிகளோடு (கம்பைலருக்குக் கொடுக்கும் ஆப்ஷன்கள்) ஓட்டுங்கள். "64 பிட் கர்னல்தானே" என்று விட்டுவிடாதீர்கள். 64 பிட் கர்னலின்மேல் 32 பிட் யூசர்லேண்ட் (கர்னலுக்கு மேலே உள்ள புரோகிராம்கள்) ஓடும் ராஸ்பெர்ரி பைகள் உண்டு. யுநேம் கட்டளை கர்னலைப் பற்றி மட்டும்தான் பேசும். கெட்கான்ஃப் லாங்_பிட் என்று கேட்டால் உண்மை வரும்.

அறிகுறி: 2041 வரை செல்லுபடியாகும் சான்றிதழ், "காலாவதி" என்கிறது

ஏஆர்எம்வி7 போர்டு வைத்த ஒரு சிறு பெட்டி. மின்மீட்டர்களைப் படித்து சர்வருக்கு அனுப்பும். ரூட் சான்றிதழை மாற்றிய அன்று எல்லாப் பெட்டிகளும் ஒன்றாகப் பேச்சை நிறுத்தின. சான்றிதழ் சரி, கடிகாரம் சரி. லாக்கில் காலாவதித் தேதி 1970 ஜனவரி 1, 5:29:59 என்று இருந்தது.

டிஎல்எஸ் லைப்ரரியின்மேல் நாங்களே எழுதிச் சுற்றிய ஒரு ஃபங்ஷன்தான் குற்றவாளி. சான்றிதழின் தேதியை டைம்ஜிஎம் கொண்டு டைம்_டி ஆக்கி, இப்போதைய நேரத்தோடு ஒப்பிட்டது. 2041 அந்த 32 பிட் பெட்டியில் கொள்ளாது. டைம்ஜிஎம் நேர்மையாக மைனஸ் 1 திருப்பி, பிழை எண்ணை வைக்கும் எர்ர்நோவில் ஈஓவர்ஃப்ளோ என்றும் போட்டிருக்கிறது. அதைப் பார்க்க எங்கள் கோடில் ஒரு வரி இல்லை. மைனஸ் 1 எப்போதும் இன்றைவிடச் சிறியது. ஆகவே "காலாவதி".

உடனடி வைத்தியம், திருப்பும் மதிப்பைச் சோதிப்பது. அதில் ஒரு சூட்சுமம் உண்டு: மைனஸ் 1 என்பது செல்லுபடியாகும் நேரமும்கூட. டைம்ஜிஎம்மையோ அதே ரக எம்கேடைமையோ அழைக்கும் முன் டிஎம் அமைப்பில் கிழமைக்கான உறுப்பில் மைனஸ் 1 வைத்துவிடுங்கள். அழைப்பு வெற்றி என்றால் அங்கே 0 முதல் 6 வரை ஓர் எண் வந்து உட்கார்ந்திருக்கும்; தோல்வி என்றால் மைனஸ் 1 அப்படியே கிடக்கும்.

நிரந்தர வைத்தியம், டைம்_டியையே 64 பிட் ஆக்குவது. லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சியின் 2.34 பதிப்பு 2021 ஆகஸ்டில் வந்தது. அதிலிருந்து 32 பிட் மேடைகளிலும் _டைம்_பிட்ஸ் மேக்ரோவுக்கு 64 கொடுத்துக் கம்பைல் செய்யலாம். கூடவே _ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ் மேக்ரோவுக்கும் 64 கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கம்பைலே ஆகாது. அடியில் கர்னலும் ஒத்துழைக்க வேண்டும்: 64 பிட் நேரத்துக்கான சிஸ்டம் கால்கள் (கர்னலுக்கான அழைப்புகள்) லினக்ஸ் 5.1-இல் சேர்ந்தன, மீதி ஓட்டைகள் 5.6-இல் அடைக்கப்பட்டன. ஜிலிப்சிக்கு மாற்றான மஸ்ல் லைப்ரரி விஷயத்தில் கொடியே தேவையில்லை. 2020 பிப்ரவரியில் வந்த 1.2.0 முதல் அங்கே டைம்_டி எப்போதும் 64 பிட்தான்.

கொடியைப் போட்டாயிற்று, சான்றிதழும் வேலை செய்கிறது, டீ குடிக்கப் போகலாம் என்று நினைப்பீர்கள்.

அறிகுறி: கொடி போட்டதும் ஆண்டு ஆறு கோடியைத் தாண்டுகிறது, அல்லது புரோகிராம் செத்து விழுகிறது

எனக்கு நடந்தது இது. கொடி போட்டு எங்கள் கோடை மட்டும் பில்டு செய்தோம். மீட்டரோடு பேசும் லைப்ரரி வேறொரு இடத்தில் கம்பைல் செய்து வந்தது; சோர்ஸ் எங்களிடம் இல்லை. ஒவ்வோர் அளவீட்டோடும் அது ஒரு டைம்வேல் அமைப்பை நிரப்பிக் கொடுக்கும். சோதனை மேசையில் எல்லாம் நன்றாக ஓடியது. களத்துக்குப் போனதும் அளவீடுகள் எல்லாம் பல கோடி ஆண்டுகள் கழித்து எடுக்கப்பட்டதாகப் பதிவாயின.

நடந்ததைப் பைட் பைட்டாகப் பார்ப்போம். பழைய டைம்வேல் 8 பைட்: முதல் 4 நொடி, அடுத்த 4 மைக்ரோநொடி. புதியது 16 பைட்: 8 நொடி, 8 மைக்ரோநொடி. லைப்ரரி பழைய படியால் அளந்து போட்டது, நாங்கள் மரக்காலைக் கொண்டு வாங்கினோம். அது மைக்ரோநொடி என்று எழுதிய நான்கு பைட், எங்கள் கண்ணுக்கு நொடி எண்ணின் மேல்பாதியாகத் தெரிந்தது. மைக்ரோநொடி 500000 என்றால் உண்மை நொடியோடு 500000 பெருக்கல் 4294967296 சேர்கிறது. ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 6 கோடியே 80 லட்சம். மைக்ரோநொடி 999999 வரை போகலாம் என்பதால் 13 கோடி சொச்சம் வரை எந்த ஆண்டு வேண்டுமானாலும் வரும்.

மேசையில் ஏன் ஓடியது? எங்கள் சிமுலேட்டர் மைக்ரோநொடியை எப்போதும் பூஜ்யமாக அனுப்பியது. மேல்பாதி பூஜ்யம் என்றால் கீழ்ப்பாதி சரியான நேரம்தானே. இந்த மாதிரிப் பிழைக்கு பூஜ்யத்தைவிட நல்ல ஒளிவிடம் கிடையாது. சிமுலேட்டரில் இப்போது 123457 என்று ஒரு கோணல் எண்ணை வைத்திருக்கிறோம்.

எதிர்ப்பக்கமும் நடக்கும்: லைப்ரரி புதிது, உங்கள் கோடு பழையது. லைப்ரரி 16 பைட் எழுதும், நீங்கள் ஒதுக்கியதோ 8. மிச்ச 8 பைட் பக்கத்து வேரியபிளின் தலையில் விழும். அதிர்ஷ்டம் இருந்தால் "ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்" என்று சத்தம்போட்டுச் சாகும். அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும்; நேரம் சரியாகத் தெரியும், மைக்ரோநொடி மட்டும் எப்போதும் 0. லாக்கில் எல்லா வரியிலும் புள்ளிக்குப் பின்னால் ஆறு பூஜ்யம் வந்தால் அதை அழகு என்று ரசிக்காதீர்கள். (இந்தப் பைட் கணக்கெல்லாம் லிட்டில் எண்டியனுக்கு, அதாவது கீழ்ப்பாதியை முதலில் வைக்கும் முறைக்கு. பிக் எண்டியனில் பாதிகள் இடம் மாறும்.)

ஜிலிப்சி இந்த வலையில் தானே விழாதபடி பார்த்துக்கொள்கிறது. கொடி போட்டுக் கம்பைல் செய்தால் உங்கள் கெட்டைம்ஆஃப்டே அழைப்பு 64 பிட்டுக்கான வேறொரு பெயருக்குத் திருப்பிவிடப்படும்; பழைய புரோகிராம்களுக்குப் பழைய பெயர் அப்படியே இருக்கும். இரண்டும் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பாக வாழும். ஆனால் ஜிலிப்சிக்கு வெளியே டைம்_டியை, டைம்வேலை, டைம்ஸ்பெக்கைத் தன் ஹெடர் ஃபைலில் வெளியே காட்டுகிற எந்த லைப்ரரிக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. பெயர் ஒன்றுதான், அளவு இரண்டு. லிங்கர் அளவைப் பார்க்காது, வாயே திறக்காமல் ஒட்டிவிடும்.

ஆகவே வழி ஒன்றுதான்: அந்த வகைகளைத் தொடும் எல்லா லைப்ரரிகளையும் ஒரே நாளில் ஒரே கொடியோடு மறுபடி பில்டு செய்வது. டெபியன் 2024-இல் செய்தது அதைத்தான். பாதிக்கப்பட்ட லைப்ரரி பேக்கேஜ்களின் பெயர் வாலில் டி64 என்று ஒட்டினார்கள். பழையதும் புதியதும் தெரியாமல் கலந்துவிடாமல் இருக்க இது கைகொடுத்தது. பழைய 32 பிட் இன்டெல் மேடையான ஐ386-ஐ மட்டும் விட்டுவிட்டார்கள். அந்த மேடை இன்றைக்கு உயிரோடு இருப்பதே சோர்ஸ் இல்லாத பழைய புரோகிராம்களை ஓட்டத்தான். அளவை மாற்றினால் அதுவும் போச்சு. ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் இதற்குப் பத்து வருடம் முன்பே, 2014-இல் 5.5 பதிப்பில், பழையதைப் பற்றிக் கவலைப்படாமல் மொத்தமாக 64 பிட்டுக்கு மாறிவிட்டார்கள். முடிகிறவர்களுக்கு அதுதான் நிம்மதி.

யார் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு எஸ்ஓ (லைப்ரரி) ஃபைலையும் ரீட்எல்ஃப் கொண்டு அது கேட்கும் சிம்பல்களைப் பாருங்கள். பெயரில் டைம்64, கெட்டைம்64 என்று 64 வால் இருந்தால் புதியது. வெறும் கிளாக்_கெட்டைம் என்றால் பழையது. நேரமே கேட்காமல் வகையை மட்டும் கைமாற்றும் லைப்ரரிகள் இதில் சிக்காது, அவற்றின் ஹெடரைக் கண்ணால்தான் படிக்க வேண்டும். இன்னொரு பொறி: டிஎல்சிம் வைத்து "கெட்டைம்ஆஃப்டே" என்று பெயர் சொல்லித் தேடும் கோடு. திருப்பிவிடும் வேலை கம்பைல் நேரத்தில் நடப்பது. பெயர் சொல்லித் தேடினால் 32 பிட் பழைய ஃபங்ஷன்தான் கையில் வரும். பைத்தான் சிடைப்ஸ் மாதிரி வெளியிலிருந்து அழைப்பவர்களுக்கும் இதே கதி.

சோர்ஸ் இல்லாத லைப்ரரிக்கு நாங்கள் என்ன செய்தோம்? நடுவில் ஒரு சின்ன சுவர். பழைய அளவில், கொடி இல்லாமல் கம்பைல் செய்த ஒரே ஒரு சி ஃபைல். அது லைப்ரரியிடம் டைம்வேல் வாங்கி, எங்களுக்கு இன்ட்64 எண்கள் இரண்டாகக் கொடுக்கும். சுவரைத் தாண்டி டைம் என்ற பெயருள்ள எந்த வகையும் வரக்கூடாது என்பது விதி. அந்த லைப்ரரியின் கெடு 2038 என்று வாடிக்கையாளருக்கு எழுத்தில் சொல்லிவிட்டோம்.

அளவு மாறும்போது கெடும் இன்னும் இரண்டு இடங்கள். ஒன்று, பிரிண்ட்எஃப்பில் %எல்டி போட்டு டைம்_டியை அச்சிடுவது. 32 பிட் மேடையில் அது பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். மீதிப் பாதி அடுத்த ஆர்கியுமென்ட்டின் இடத்தில் போய் உட்காரும். அந்த வரியில் பின்னால் %எஸ் இருந்தால் கிராஷ். லாங் லாங் ஆக மாற்றி %எல்எல்டி போடுங்கள், டபிள்யூஃபார்மட் எச்சரிக்கையைப் பிழையாக்கிவிடுங்கள். இரண்டு, எஃப்ரைட் கொண்டு ஸ்ட்ரக்ட்டை அப்படியே ஃபைலில் கொட்டியது. ரெக்கார்டின் நீளமே மாறிவிடும். ஏஆர்எம்மில் 64 பிட் எண் 8 பைட் எல்லையில்தான் நிற்கும் என்பதால் நடுவில் வெற்றிடமும் சேரும். பழைய டேட்டாவைப் படிக்கப் பதிப்பு எண் பார்த்து மாற்றும் ஒரு ஃபங்ஷனை எழுதாமல் தப்ப முடியாது.

அறிகுறி: மறுபில்டுக்குப் பிறகு சிபியு 100 சதவீதம்

தேதி எல்லாம் சரி. ஆனால் சும்மா இருக்க வேண்டிய த்ரெட் மூச்சுவிடாமல் சுற்றுகிறது. கர்னல் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டால், த்ரெட்டைக் காத்திருக்கவைக்கும் ஃபியூடெக்ஸ் அழைப்புகள் மழைபோலக் கொட்டும். ஒவ்வொன்றும் டைம்-அவுட் என்று உடனே திரும்பியிருக்கும்.

யாரோ ஜிலிப்சியைத் தாண்டி, சிஸ்கால் ஃபங்ஷன் மூலம் நேரடியாகக் கர்னலை அழைத்திருக்கிறார்கள். அரை நொடி காத்திரு என்பது புதிய டைம்ஸ்பெக்கில் 8 பைட் பூஜ்யம், அதற்குப் பிறகு 50 கோடி நானோநொடி. பழைய ஃபியூடெக்ஸ் முதல் 8 பைட்டை மட்டும் படிக்கும்: நொடி 0, நானோநொடி 0. காத்திருக்கவே வேண்டாம் என்று அர்த்தம். 64 பிட் டைம்_டி என்றால் ஃபியூடெக்ஸ்_டைம்64 எண்ணை அழைக்க வேண்டும். கோடில் எஸ்ஒய்எஸ் அடிக்கோடு என்று தொடங்கும் எல்லாவற்றையும் கிரெப் செய்து, நேரம் வாங்குகிறவற்றைத் திருத்துங்கள்.

அறிகுறி: "இன்புட்_ஈவென்ட்டில் டைம் என்ற உறுப்பு இல்லை" என்று கம்பைல் நிற்கிறது

இது நல்ல பிழை. இன்புட்_ஈவென்ட் என்பது கீபோர்டு, மவுஸ் போன்றவற்றின் நிகழ்வைச் சொல்லும் அமைப்பு. கர்னல் அதன் அளவை மாற்றாமல், நொடியை அன்சைன்டாக வைத்துக்கொண்டது. அதனால் டைம்வேல் வடிவம் அங்கே பொருந்தாது. இன்புட்_ஈவென்ட்_செக், இன்புட்_ஈவென்ட்_யுசெக் என்ற பெயர்களைப் போடுங்கள், 2106 வரை ஓடும்.

அறிகுறி: ராஸ்பெர்ரி பையில் கண்டெய்னருக்குள் மட்டும் நேரம் தப்பு

வெளியே டேட் சரியாகச் சொல்லும். ஆல்பைன் லினக்ஸ் 3.13 அல்லது அதற்குப் பிந்தைய 32 பிட் கண்டெய்னருக்குள் போனால் பைத்தியக்காரத் தேதி, பேக்கேஜ் இறக்கினால் பிழை. ஓவர்ஃப்ளோ எதுவும் இல்லை. ஆல்பைனின் மஸ்ல் புதிய கிளாக்_கெட்டைம்64 சிஸ்டம் காலைக் கேட்கிறது. எந்த சிஸ்டம் காலை அனுமதிப்பது என்று வடிகட்டும், வெளியே உள்ள பழைய லிப்செக்காம்ப்புக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரியாததை "அனுமதி இல்லை" என்று விரட்டுகிறது. ஹோஸ்ட்டில் லிப்செக்காம்ப்பை 2.4.2-க்கும், டாக்கரை 19.03.9-க்கும் மேலே ஏற்றுங்கள். கண்டெய்னரை பிரிவிலெஜ்டு ஆக்கினால் சரியாகிவிடுகிறது என்று சொல்வார்கள். வாசல் பூட்டு மக்கர் பண்ணுகிறது என்று கதவையே கழற்றி வைப்பது அது.

அறிகுறி: முழு 64 பிட் சர்வர், ஆனாலும் 2038 எட்டிப் பார்க்கிறது

நினைவகத்தில் டைம்_டி 8 பைட் என்பதால் டிஸ்க்கில் எழுதியதும் 8 பைட் என்று அர்த்தம் இல்லை.

பூட் லாக்கில் "சப்போர்ட்ஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் அன்டில் 2038" என்று ஒரு வரி வருகிறதா? லினக்ஸ் 5.4 முதல் கர்னல் மவுன்ட் செய்யும்போதே எச்சரிக்கிறது. இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் ஐநோட் (ஃபைலின் விவரக் குறிப்பு) 128 பைட் என்றால் 2038, 256 பைட் என்றால் 2446. 512 எம்பிக்குக் கீழே உள்ள பார்ட்டிஷன்களுக்குப் ஃபார்மட் செய்யும் பழைய எம்கேஇ2எஃப்எஸ் கட்டளை 128-ஐத்தான் கொடுத்தது, ஆகவே பெரிய டேட்டா டிஸ்க்கைவிட சின்ன பூட் பார்ட்டிஷனில்தான் இது பதுங்கியிருக்கும். பேக்கப் எடுத்துவிட்டு, 256 போட்டுப் புதிதாக ஃபார்மட் செய்வதே நான் சொல்லும் வழி. எக்ஸ்எஃப்எஸ் என்றால் அன்மவுன்ட் செய்து எக்ஸ்எஃப்எஸ்_அட்மின் மூலம் பிக்டைம் வசதியை இயக்கினால் 2486 வரை கவலை இல்லை.

லாஸ்ட், லாஸ்ட்லாக் காட்டும் லாகின் வரலாறு இன்னொரு பழைய கடன். 32 பிட் புரோகிராம்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்ஸ்86-64-இலும் யுடிஎம்ப் ரெக்கார்டில் நேரத்துக்கு 32 பிட்தான் ஒதுக்கினார்கள். டெபியன் 13-இல் இவற்றுக்குப் பதிலாக டபிள்யூடிஎம்ப்டிபி, லாஸ்ட்லாக்2 வந்துவிட்டன.

மைஎஸ்கியூஎல்லில் டைம்ஸ்டாம்ப் வகை நெடுவரிசை 2038 ஜனவரி 19-ஐத் தாண்டாது. டேட்டைம் வகை 9999 வரை போகும். அதைவிட மோசம், நொடியை வெறும் இன்ட் நெடுவரிசையில் போட்டு வைத்தது. டேட்டாபேசுக்கு அது நேரம் என்றே தெரியாது, உங்கள் தணிக்கையிலும் சிக்காது. ஜாவாஸ்கிரிப்டில் தசமத்தை வெட்டுவதற்கு "ஆர் 0" போடும் சுருக்குவழியையும் தேடுங்கள்: அந்தக் குறி எண்ணை 32 பிட் சைன்டாக மாற்றிவிடும். நொடிக்குப் போட்டால் இன்று ஓடும், 2038-இல் நிற்கும். ஜாவாவில் மில்லிநொடியை ஆயிரத்தால் வகுத்து இன்ட்டுக்குள் திணிப்பவர்களும் இதே கூட்டம்.

அறிகுறி: குறிப்பிட்ட நாள் ஓடியபின் தொங்குகிறது, ரீபூட் செய்தால் சரி

நாள்களை எண்ணுங்கள். 24.8 நாள் என்றால் சைன்டு 32 பிட்டில் மில்லிநொடி. 49.7 நாள் என்றால் அன்சைன்டு. 248 நாள் என்றால் நொடியில் நூறில் ஒரு பங்கு; போயிங் 787-இன் மின் உற்பத்திக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் உத்தரவு போட்டது இந்த 248 நாளுக்காகத்தான். லினக்ஸ் கர்னல் இதற்கு ஒரு குறும்பான வைத்தியம் வைத்திருக்கிறது: கடிகாரத் துடிப்புகளை எண்ணும் 32 பிட் ஜிஃபீஸ் கவுன்ட்டர், பூட் ஆனதும் பூஜ்யத்தில் தொடங்காமல், இன்னும் 5 நிமிடத்தில் வழியப்போகிற எண்ணில் தொடங்கும். டிரைவர் எழுதியவர் தப்பு செய்திருந்தால் 49 நாள் காத்திருக்க வேண்டாம், ஐந்தாவது நிமிடத்திலேயே மேசையில் தெரிந்துவிடும். உங்கள் ஃபர்ம்வேரிலும் கவுன்ட்டரை இப்படித் தொடங்கிப் பாருங்கள்.

அறிகுறி: "எப்போதும் காத்திரு" என்றால் உடனே திரும்புகிறது

இப்போதைய நேரத்தோடு மிகப்பெரிய எண்ணைக் கூட்டி "முடிவிலி" செய்வது பழைய வழக்கம். ஏஓஎல்சர்வர் என்ற வெப் சர்வரில் டைம்-அவுட்டுக்கு நூறு கோடி நொடி என்று வைத்திருந்தார்கள். 2006 மே 13, நம் நேரம் காலை 6:57:28-க்குக் கூட்டுத்தொகை 2038-ஐத் தாண்டியது, சர்வர்கள் விழுந்தன. 32 வருடம் முன்கூட்டியே.

கூட்டிவிட்டு "விடை சிறிதாகிவிட்டதா" என்று பார்க்கும் சோதனையை நம்பாதீர்கள். சைன்டு எண் வழிவது சி மொழியில் வரையறையே இல்லாத செயல், அதனால் ஆப்டிமைசர் அந்தச் சோதனையை "நடக்கவே நடக்காது" என்று தூக்கி எறியலாம். தும்பை விட்டு வாலைப் பிடிக்காமல், கூட்டும்போதே ஜிசிசியின் பில்டின்_ஆட்_ஓவர்ஃப்ளோ கொண்டு கூட்டுங்கள். நொடியை மைக்ரோநொடியாக்கப் பெருக்கும்போது, பெருக்குவதற்கு முன்பே 64 பிட்டாக மாற்றுங்கள். பெருக்கியபின் மாற்றினால் வழிந்தது வழிந்ததுதான். காத்திருக்கும் கணக்குக்கெல்லாம் பின்னால் போகாத மோனோடோனிக் கடிகாரம்.

திருத்தியது நின்றதா என்று பார்க்க

பொதுவான ஒரு ஹெடரில் டைம்_டி 8 பைட் இல்லையென்றால் கம்பைலே ஆகாதபடி ஸ்டாட்டிக் அசர்ட் ஒன்று போட்டுவிடுங்கள். யாராவது கொடியை விட்டுவிட்டால் அன்றே தெரியும். டெஸ்ட்களில் மைனஸ் 1, 0, 2147483647, 2147483648, 4294967295, 4294967296 இவற்றைத் தவறாமல் ஓட்டுங்கள்.

அதற்குப் பிறகு உண்மையான எல்லையைக் கடக்க வேண்டும். பொய் நேரம் காட்டும் ஃபேக்டைம் லைப்ரரி லேசான சோதனைக்குப் போதும், ஆனால் அதுவே சிம்பல்களைப் பெயர் சொல்லி மறிக்கும் ரகம். 32 பிட்டில் அதன் விடையை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன். மெய்நிகர் மெஷினை ஓட்டும் கியூஎம்யுவில் ஆர்டிசி (போர்டுக் கடிகாரம்) தொடக்கத்தை 2038 ஜனவரி 19, யுடிசி 03:10 என்று கொடுத்து, ஐந்து நிமிடம் லாக்கைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். அந்த மெஷினை நெட்டிலிருந்து துண்டித்து வையுங்கள்; இல்லாவிட்டால் என்டிபி உங்களை அன்போடு இன்றைய தேதிக்கு இழுத்துவந்துவிடும், நீங்களும் "எல்லாம் சரி" என்று கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். 2038-இல் உங்கள் சான்றிதழ்கள் பல உண்மையாகவே காலாவதியாகியிருக்கும் என்பதையும் மறக்காமல், சோதனைக்கென்று 2050 வரையிலான ஒரு சான்றிதழை முன்பே உருவாக்கிக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் கடிகாரத்தைப் பின்னால் திருப்பி அதே மெஷினைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டாம். சோதனை நேரத்தில் தொட்ட ஃபைல்களெல்லாம் 2038 தேதியோடு கிடக்கும். மேக் கட்டளை "கிளாக் ஸ்க்யூ" என்று புலம்பும், மாற்றிய ஃபைலை மாறவில்லை என்று விட்டுவிடும். அதைத் தேடி இன்னொரு நாள் போகும். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.